மாதம் 700 கி.மீ. ஓட்டத்துக்கு டீசல் கார் கட்டுபடியாகுமா?

கோவை வாசகர் ஒருவர் ஹூண்டாய் க்ரெட்டா கார் வாங்கப் போகிறார். டீசலுக்கு ஒன்றரை லட்சம் கூடுதலாகச் சொல்கிறார்களாம். அலுவலகம் 8 கி.மீ., எல்லாம் சேர்த்து மாதம் 700 கி.மீ. ஓடும், எப்போதாவது ஊட்டி. “டீசலில் இழுவையும் மைலேஜும் அதிகம் என்கிறார்களே, எதை எடுக்கலாம்?” என்று கேட்கிறார்.

முதலில் பவர். 1.5 லிட்டர் சாதாரண பெட்ரோல் க்ரெட்டா 115 பிஎஸ் (குதிரைத்திறன்), டீசல் 116 பிஎஸ். இதில் ஒன்றும் இல்லை. டார்க்கில், அதாவது இழுவையில்தான் விஷயம்: பெட்ரோலில் 144 என்எம், அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 4,500 சுற்றைத் (ஆர்பிஎம்) தொட்டால்தான். டீசலில் 250 என்எம், 1,500-லேயே வந்துவிடும். ஊட்டி கொண்டை ஊசி வளைவுகளில் பெட்ரோல் வண்டியை கியர் குறைத்து, இன்ஜினைக் கொஞ்சம் கத்தவிட்டு ஏற்ற வேண்டும். ஆனால் ஏறிவிடும். இன்னொன்று, டீசலின் இந்த இழுவையில் பெரும்பங்கு, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவின் உபயம். டர்போ இல்லாத பழைய டீசல் அம்பாசிடர் மேடு ஏறிய அழகைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். க்ரெட்டாவிலேயே 1.5 டர்போ பெட்ரோல் 253 என்எம் தருகிறது.

மைலேஜில் டீசலின் பெருமை உண்மையானது. ஸ்பார்க் பிளக் இல்லாமல், காற்றைச் சுமார் 16 மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. பெட்ரோலை அவ்வளவு அழுத்தினால் நேரம் தவறி எரிந்து இன்ஜின் தட்டும் (நாக்கிங்). அழுத்தம் கூடக் கூட அதே எரிபொருளில் அதிக வேலை நடக்கும். டவுனுக்குள் மெதுவாகப் போகும்போது பெட்ரோல் இன்ஜின், பாதி மூடிய த்ராட்டில் (காற்று வரும் வழியில் உள்ள மூடி) வழியாகக் காற்றை உறிஞ்சவே சக்தியைச் செலவழிக்கிறது. டீசலுக்கு அந்தத் தொல்லை குறைவு. போதாக்குறைக்கு, ஒரு லிட்டர் டீசலில் ஆற்றலே பத்து சதவீதத்துக்கு மேல் அதிகம்.

சரி, கணக்குக்கு வருவோம். மேனுவல் கியர் வண்டிக்கு, வாகனச் சோதனை அமைப்பான அராய் (ARAI) சான்றளித்த மைலேஜ் பெட்ரோலில் லிட்டருக்கு 17.4 கி.மீ., டீசலில் 21.8 கி.மீ. பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்தால், கிலோமீட்டருக்கு மிச்சம் ஒன்றரை ரூபாய். போட்ட ஒன்றரை லட்சத்தை எடுக்க ஒரு லட்சம் கி.மீ. ஓட்ட வேண்டும். உங்களுக்கு அது 12 வருஷம்! மாதம் 2,000 கி.மீ. ஓடுபவர் என்றால் நான்கு வருஷத்தில் எடுத்துவிடுவார், அவருக்கு டீசலைத்தான் சொல்வேன்.

இதைவிட முக்கியமானது டிபிஎஃப். பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6) என்ற புகை விதிப்படி வரும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் இது. சேர்ந்த கரி எரிய, வண்டி நன்றாகச் சூடேறி ஹைவேயில் சீராக ஓட வேண்டும். தினமும் 8 கி.மீ. போய் நிறுத்தினால் அடைத்துக்கொள்ளும். மாற்ற நேர்ந்தால் செலவு கையைக் கடிக்கும்.

பெட்ரோலையே எடுங்கள். புக் பண்ணும் முன் குடும்பத்தை ஏற்றி, ஏசியைப் போட்டு, ஒரு நல்ல மேட்டில் டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். இழுவை போதவில்லை என்று பட்டால் மட்டும் டர்போ பெட்ரோலை யோசிக்கலாம்.