குவின்சியில் பனிப்புயல் எச்சரிக்கை: காரும் ஜெனரேட்டரும்

நாளை வேலை முடிந்து அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து பக்கத்து ஊரான குவின்சியின் கடலோர வீட்டுக்கு மெதுவாகக் காரில் வந்துவிடலாமா, மின்சாரம் போனால் கராஜ் கதவைத் திறந்துவைத்து ஜெனரேட்டரை ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம்.

இந்தப் பனிப்புயல் எச்சரிக்கைக்குப் பனி அளவு முக்கியமில்லை. மணிக்கு 35 மைலுக்குக் குறையாத காற்று, கால் மைலுக்கு அப்பால் எதுவும் தெரியாத நிலை, அதுவும் 3 மணி நேரமாவது நீடிக்கும் என்றால்தான் விடுப்பார்கள். மெதுவாகப் போனாலும் முன்னால் நிற்கும் வண்டி தெரியாது. 1978 பிப்ரவரியில் இதே பாஸ்டனைச் சுற்றியுள்ள 128ஆம் நெடுஞ்சாலையில் 3000-க்கும் மேற்பட்ட வண்டிகள் பனியில் மாட்டின, எஞ்சினை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்த சிலர், புகைக்குழாயைப் பனி அடைத்ததால் கார்பன் மோனாக்சைடு ஏறி இறந்தே போனார்கள். வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று மேலாளரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

ஜெனரேட்டரிலும் வருவது அதே வாயுதான். கதவு, சன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி வெளியே வையுங்கள். அப்புறம், வெப்பமூட்டியின் புகைக்குழாய் பக்கச் சுவர் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் பனி மூடிவிடும், அவ்வப்போது போய்ப் பனியைத் தள்ளிவிட வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை கடல்தான். வடகிழக்குக் காற்று தண்ணீரைக் கரைக்குத் தள்ளும்போது ஓதமும் (கடல் மட்டம் உயரும் நேரம்) சேர்ந்தால் தண்ணீர் தெருவுக்குள் வந்துவிடும்; ஓதம் ஏறக்குறைய 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதால் ஒரு நாள் நீடிக்கும் புயலில் இரண்டு தடவை வரலாம். காரை இன்றே மேட்டுப் பகுதிக்கு மாற்றுங்கள். நகராட்சி வெளியேறச் சொன்னால் பனி தொடங்கும் முன்பே கிளம்பிவிடுங்கள்.