கையில் ஒரு ஆஃபர், பாக்கி இன்னொரு ரவுண்டு: கேள்வி பதில்

சென்னையில் ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஆஃபர் விஷயமாகக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, ஆஃபர் கொடுத்த கம்பெனி வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறது. எனக்குப் பிடித்த கம்பெனியில் கடைசி ரவுண்டு அடுத்த புதன்.

பிடித்த கம்பெனிக்கு இன்றே மெயில் போடுங்கள்: வேறு ஆஃபர் வந்திருக்கிறது, வெள்ளிக்குள் பதில் சொல்லணும், ரவுண்டை முன்னாடி வைக்க முடியுமா என்று. மிரட்டுவதாக நினைப்பார்களோ என்ற பயமே வேண்டாம், இப்படி மெயில் வந்தால்தான் நான் மேனேஜரிடம் போய் "இவரை விட்டால் போய்விடுவார் சார்" என்று நெருக்க முடியும். ஆஃபர் கொடுத்தவர்களிடமும் அவகாசம் கேளுங்கள். "யோசித்துச் சொல்கிறேன்" என்றால் மறுநாளே போன் வரும், "அடுத்த வியாழன் மாலைக்குள் சொல்கிறேன்" என்றால் பெரும்பாலும் விடுவார்கள். விடவில்லை என்றால்? புதன் ரவுண்டு நன்றாகப் போனாலும் அப்ரூவல், சம்பளப் பேச்சு என்று லெட்டர் வர இன்னும் நாளாகும். அதனால் அந்த இன்டர்வியூவே இல்லை என்று வைத்துக்கொண்டு, இந்த வேலைக்குப் போவேனா என்று பாருங்கள். போவேன் என்றால் கையெழுத்துப் போடுங்கள்.

எல்.ஓ.ஐ. (வேலை தர எண்ணம் இருக்கிறது என்று சொல்லும் கடிதம்) மட்டும் வந்திருக்கிறது. ஹெச்.ஆர். "இப்போதைய வேலையில் பேப்பர் (ராஜினாமா) போடுங்க, லெட்டர் வந்துடும்" என்கிறார்.

போடாதீர்கள். சம்பளப் பிரிவு, சேரும் தேதி, ஊர் எல்லாம் எழுதிய ஆஃபர் லெட்டர் வரட்டும். போனில் சொன்ன அந்த ஹெச்.ஆரே அடுத்த மாதம் அங்கே இருப்பாரா என்று யாருக்குத் தெரியும்.

சார், 90 நாள் நோட்டீஸ். ஒரு ஆஃபரை ஏற்று பேப்பர் போட்டுவிட்டு, நோட்டீஸ் காலத்தில் வேறு தேடலாமா? எல்லோரும் செய்கிறார்கள்.

செய்கிறார்கள்தான். 90 நாள் நோட்டீஸ் வைத்துவிட்டு, எடுக்கும்போது மட்டும் "உடனே சேரும் ஆள் வேண்டும்" என்று விளம்பரம் கொடுக்கும் கம்பெனிகளே இதற்கு வழி போட்டுக் கொடுத்தவை, ஆகவே தேடுவதை நான் குறை சொல்லமாட்டேன். என் கோபமெல்லாம் கடைசி நாள்வரை "கண்டிப்பாக வர்றேன்" என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பும் ஐ.டி. கார்டும் ரெடியாக இருக்கும் காலையில் போனை அணைத்துவிடுபவர்கள் மேல்தான். முடிவு மாறினால் அன்றே மெயிலில் சொல்லுங்கள், மூன்று வாரம் இருந்தால் அடுத்த ஆளைக் கூப்பிட முடியும். சேர்ந்தே ஆகணும் என்று சட்டப்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் முன்பணமாக ஜாயினிங் போனஸோ நோட்டீஸ் பைஅவுட் பணமோ (நோட்டீஸ் நாளைக் குறைக்கப் பழைய கம்பெனிக்குக் கட்டும் பணம்) வாங்கியிருந்தால் திருப்பிக் கேட்பார்கள். அப்புறம், இந்த ஹெச்.ஆர்.களும் கம்பெனி மாறுகிறவர்கள்தான், பெயரை மறக்கமாட்டார்கள்.

ஒன்று 12 லட்சம், இன்னொன்று 11 லட்சம். 12தானே நல்லது?

சி.டி.சி.யை (உங்களுக்காகக் கம்பெனி வருடத்துக்குச் செலவழிக்கும் மொத்தத் தொகை) வைத்து எதையும் சொல்ல முடியாது. 12 லட்சத்தில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 6 லட்சம், வேரியபிள் (கூடக் குறைய வரும், உறுதியில்லாத பகுதி) 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி பங்கு பி.எஃப். பேசிக்கில் 12 சதவீதம், 72,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று பேசிக்கில் 4.81 சதவீதம், கிட்டத்தட்ட 29,000. வேரியபிள் 1.2 லட்சம். இவை போக, உங்கள் பங்கு பி.எஃப். 72,000-ஐயும் கழித்தால் மாதம் கைக்கு வருவது சுமார் 75,000. வேரியபிள் இல்லாத 11 லட்சம், பேசிக் 5.5 லட்சம் என்றால் அதே கணக்கில் சுமார் 78,000 வருகிறது! இரண்டு கம்பெனியிடமும் பிரிவு வாரியான தாளைக் கேளுங்கள், வேரியபிள் போன வருடம் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.

முதல் ஆஃபரில் பாண்ட் (குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்டணும் என்ற ஒப்பந்தம்) இருக்கிறது. பாண்டெல்லாம் செல்லாது என்கிறார்களே?

அப்படிப் பொத்தாம்பொதுவாக நம்ப வேண்டாம். 3 வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்டணும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்கத் தேர்வு, விளம்பரம் என்று செலவழிப்பவர்கள், எல்லா பாண்டுக்கும் அப்படியே பொருந்தாது. இருந்தாலும், அடுத்த ஆஃபர் வந்தால் ஓடிவிடும் எண்ணத்தோடு பாண்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டிலும் சேர்ந்து ஒரு மாதம் பார்த்துவிட்டு ஒன்றை விட்டால்?

இரண்டு இடத்திலும் பி.எஃப். பிடிப்பார்கள், யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். எண்) ஒன்றுதான். அடுத்த வேலையின் வெரிஃபிகேஷனில் தேதிகள் ஒன்றின்மேல் ஒன்று நிற்கும். வேண்டாம் தம்பி.