தீ பட்ட மலை நிலம்: முதல் மழைக்கு முன் என்ன செய்வது?

கீழ்ப்பழனி மலையில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் காட்டுத்தீ இறங்கி, என் நிலத்தின் மேல்சரிவு முழுக்கக் கரியானது. அதில் பட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு தேடிப் படித்ததையும் வைத்துத்தான் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

அண்ணே, போன வாரம் தீயில் இரண்டு ஏக்கர் போய்விட்டது. உடனே மரக்கன்று வைக்கலாமா? (தாண்டிக்குடி)

கன்று அப்புறம் தம்பி. கோடை மழைக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது, அதற்குள் மண்ணை மூடுங்கள். முன்பெல்லாம் மழைத்துளி இலையில் பட்டு, சருகில் இறங்கி, மெதுவாக மண்ணுக்குள் போகும். இப்போது நேராக வெற்று மண்ணில் அடிக்கும். சாம்பலும் பொடிமண்ணும் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ள, தண்ணீர் இறங்க வழியில்லாமல் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடிவிடும்.

இருக்கிறதிலேயே மலிவான நல்ல வழி மூடாக்குதான். கீழே வயல்காட்டிலிருந்து நெல் வைக்கோல் வாங்கி ஏற்றுங்கள். வயல் களை மேட்டு நிலத்தில் பெரும்பாலும் பிழைக்காது என்பதால் களைத் தொல்லையும் குறைவு. இரண்டு விரல் கனம் போதும். பத்தில் ஏழு பங்கு தரையாவது மறைய வேண்டும். காற்று அடிக்கும் இடமாக இருந்தால் மேலே கிளைகளைப் போட்டு அமுக்கிவிடுங்கள். இதற்காகப் பக்கத்துக் காட்டுச் சருகை மட்டும் வழித்துக்கொண்டு வராதீர்கள், அந்தச் சரிவு மொட்டையாகிவிடும்.

தண்ணீர் ஊற்றினால் மண்ணுக்குள் இறங்காமல் முத்து முத்தாக நிற்கிறது. மண் செத்துவிட்டதா சார்? (போடி)

சாகவில்லை. சருகு எரியும்போது அதிலுள்ள மெழுகுப் பொருள் ஆவியாகிக் கீழே இறங்கி, குளிர்ந்த மண்துகள்மேல் படிந்துவிடுகிறது. மேலே சாம்பல் ஈரமாகத் தெரியும், ஒரு அங்குலம் கீழே காய்ந்தே கிடக்கும். அதனால் சாம்பலை ஒதுக்கி, ஆழம் மாற்றி மாற்றிச் சொட்டு விட்டுப் பாருங்கள். ஐந்து விநாடி தாண்டியும் சொட்டு அப்படியே நின்றால் அந்த ஆழத்தில் மெழுகு அடுக்கு இருக்கிறது என்று பொருள். ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும். லேசான சரிவு என்றால் குறுக்குவாட்டில் முள்வாரியால் மேலாகக் கீறி விடலாம். செங்குத்தான இடத்தில் கை வைக்கவே வேண்டாம்.

கருகிய மரங்களை வெட்டி விற்றால் கொஞ்சம் நஷ்டம் தீரும். செய்யலாமா? (பண்ணைக்காடு)

முதலில் சட்டம். பட்டா நிலமே ஆனாலும், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் ஊர்களில் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. அப்புறம், கருகிய மரமெல்லாம் செத்த மரம் இல்லை. பட்டையைக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் விட்டுவிடுங்கள். செத்த மரத்தின் வேரும் சில வருடம் மண்ணைப் பிடித்து நிற்கும். அதனால் தூரைத் தோண்ட வேண்டாம். பாதைமேலோ வீட்டுமேலோ சாயக்கூடியதை மட்டும் அனுமதி வாங்கி எடுங்கள்.

எடுத்த மரத்தை அங்கேயே சரிவுக்குக் குறுக்கே, மண்ணைத் தடுக்கப் போடலாம். இதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள், நானும் செய்தேன். மட்டம் பார்க்காமல் கண் மதிப்பில் போட்டால் ஒரு பக்கம் தாழ்ந்து, தண்ணீர் முழுக்க அங்கே சேர்ந்து வாய்க்கால் பறித்துவிடும். மூன்று கம்பில் ஆங்கில A வடிவச் சட்டம் கட்டி, நடுவில் தூக்குக்குண்டு தொங்கவிட்டுச் சம உயரம் பாருங்கள். ஆழமில்லாத பள்ளம் பறித்து மரத்தைப் பதித்து, கீழ்ப்பக்கம் முளை அடித்து, மேல்பக்கம் மண் அணைத்து மிதியுங்கள். அடியில் கை நுழையும் சந்து இருந்தால் அது தடுப்பே இல்லை. பெருமழையில் எப்படியும் மேலே வழியும்தான். சாதாரண மழைக்குத்தான் இது.

ஜேசிபி வைத்துப் படிப்படியாக வெட்டிவிடலாமா?

வேண்டாம். தளர்ந்த மண்ணை இன்னும் தளர்த்துவீர்கள்.

புல் விதை தூவச் சொல்கிறார்கள். (பூம்பாறை)

வெறுமனே தூவினால் முதல் மழையில் விதையெல்லாம் ஓடையில் கிடக்கும். உங்கள் உயரத்தில் வேறு தலைவலி இருக்கிறது. வாட்டில் என்ற அயல் மரத்தின் விதை வருடக்கணக்கில் மண்ணில் உறங்கும், தீயின் சூட்டில் எழுந்து கூட்டமாக முளைக்கும். மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். கீழ் மலைக்காரர்கள் மூடாக்குக்கு அடியில் கொள்ளு விதைக்கலாம். வெயில் படும் இடமானால் சம உயரக் கோட்டில், அரை அடிக்கு ஒன்றாக வெட்டிவேர் நடலாம். நிழலில் அது தேறாது.

ஆடு மாடு விடலாமா?

ஒரு மழைக்காலம் முழுக்கக் கூடாது. முளைக்கும் பச்சையைத்தான் முதலில் கடிக்கும்.

தீ எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை, ஓடைக்கு மேலே மலையில்தான் எரிந்தது. எங்களுக்கு ஏதும் ஆபத்து உண்டா ஐயா?

உங்களுக்குத்தான் அம்மா அதிகம். கலிபோர்னியாவில் 2017 டிசம்பரில் தாமஸ் தீ என்று பெரிய தீ. அடுத்த மாதம், 2018 ஜனவரி 9 விடியுமுன், எரிந்த மலைமேல் சில நிமிடம் கொட்டித் தீர்த்தது. பாறையும் சேறும் ஓடைவழியே இறங்கி, கீழே மான்டெசிட்டோ ஊரில் 23 பேர் செத்துப்போனார்கள். எத்தனை மணி நேரம் பெய்தது என்பதைவிட எவ்வளவு வேகமாகக் கொட்டியது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மணல் மூட்டை கணுக்கால் தண்ணீரைத் திருப்பும், பாறையைத் திருப்பாது. பெருமழை என்று எச்சரிக்கை வந்தால் அன்று இரவு மேட்டு வீட்டில் போய்ப் படுங்கள். ஓடையில் ஊற்றுக் குழாய் இருந்தால் முதல் சில மழைக்குக் கழற்றி வையுங்கள், சாம்பலும் சேறும் தொட்டிக்கு வராது.

இரண்டு வருடம் ஆகிவிட்டது, நன்றாகப் பச்சை பிடித்திருக்கிறது. இனி கவலை இல்லையே?

மேல்மண் அரிப்புக்குப் பெரும்பாலும் இல்லை. ஆனால் செத்த மரங்களின் வேர் இப்போதுதான் உளுத்துக்கொண்டிருக்கும். புது வேர் ஆழம் போகுமுன் ஒரு இடைவெளி விழும், சரிவு பெயர்வது அப்போதுதான். என் நிலத்தில் நாலாவது வருட ஐப்பசி மழையில் மேல்மூலை சரிந்தது. பச்சைப்பசேல் என்றுதான் இருந்தது அந்த இடம். அதனால் செங்குத்தான பக்கத்தில் ஆழ வேர் விடும் நாட்டு மரக்கன்றுகளை இந்த வருடமே வையுங்கள். மழைக்காலத்தில் மேலே ஏறி, தரையில் பிறை வடிவில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.