பள்ளிப் பாடத்தை வைத்தே அறிவியல் எப்படி இயங்குகிறது என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க முடியுமா?

முடியும். ஒரு அடுப்பும் தெர்மாமீட்டரும் போதும். என் மகள் அழித்த ஒரு எண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். போன வருடம் அவள் எட்டாம் வகுப்பு. தண்ணீரின் கொதிநிலையை ஆய்வகத்தில் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ரெக்கார்டு நோட்டில் 97 என்று எழுதி, ரப்பரால் அழித்து, மேலே 100 என்று எழுதியிருந்தாள். "புத்தகத்துல 100தானேப்பா, நான்தான் தப்பா பாத்திருப்பேன்" என்றாள். எனக்கு மனசே ஆறவில்லை. அழித்த எண்தான் சரியான எண்.

விடையைச் சொல்லிவிடாமல் வீட்டிலேயே மறுபடி பார்த்தோம். 97-க்கு ஒரு நூல் கீழே நின்றது. கருவி கோளாறோ? உருகும் ஐஸில் வைத்தோம், 0 காட்டியது. தண்ணீரில் உப்பு இருக்குமோ என்று அவளே கேட்டாள். ஒரு கைப்பிடி உப்பைப் போட்டோம்; கொதிநிலை ஏறியதே தவிர இறங்கவில்லை. அப்புறம்தான் உயரத்துக்கு வந்தோம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் கொஞ்சம் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. அழுத்தத்தோடு கொதிநிலை மாறுவதை 300 வருடங்களுக்கு முன்பே ஃபாரன்ஹீட் கவனித்திருக்கிறார். புத்தகத்தின் 100-ம் பொய்யில்லை, அது கடல் மட்டத்து அழுத்தத்துக்கான எண். (என் அம்மா இங்கே வரும்போதெல்லாம், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகிறது, தண்ணி சரியில்லை என்பார்.)

கணக்கு பொருந்திவிட்டது என்று நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன். அவள் விடவில்லை. "அப்படின்னா பாட்டி வீட்ல 100 வரணுமே?"

எனக்கு அறிவியல் என்பது இந்தக் கேள்விதான். கையில் இருக்கும் எண்ணுக்குக் காரணம் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இன்னும் பார்க்காத இடத்தில் என்ன வரும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, வராவிட்டால் நம் காரணத்தை விட்டுவிடவும் துணிய வேண்டும். மே மாத லீவில் அதே தெர்மாமீட்டரைத் துணியில் சுற்றிச் சென்னை பெரம்பூருக்கு எடுத்துப் போனாள்.

அங்கே 99.5.

இந்த முறை ரப்பரை எடுக்கவில்லை. 99.5 என்றே எழுதி, பக்கத்தில் "தெர்மாமீட்டர் பாதிதான் முழுகியிருந்தது, அதனாலா?" என்று குறித்து வைத்திருக்கிறாள். அதை எப்படிச் சோதிப்பது என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறோம்.