மகனின் சிறுநீரக அடைப்பு: துளைவழி அறுவைச் சிகிச்சை போதுமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. அவன் வயிற்றில் இருந்தபோதே, இடது சிறுநீரகம் வீங்கியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. சென்ற ஆண்டு ரெனோகிராம் சோதனையில் 45 விழுக்காடாக இருந்த அதன் வேலைத்திறன், இப்போது 33 ஆகக் குறைந்துவிட்டது. வயிற்றில் மூன்று துளைகள் இட்டு அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று ஈப்போவில் நிபுணர் சொன்னார். வயிற்றைத் திறக்காமல் செய்வது அரைகுறையாகிவிடும் என்று கணவர் அஞ்சுகிறார். பார்லித் தண்ணீரும் நெருஞ்சில் கஷாயமுமே போதும் என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அன்புச் சகோதரி, கருவிலேயே கண்டறியப்படும் இத்தகைய வீக்கம் பல குழந்தைகளுக்குத் தானாகவே வடிந்துவிடும் என்பதால், மருத்துவர்கள் இத்தனை காலம் காத்திருந்தது சரியே. ஆனால் இரு சிறுநீரகங்களும் ஏறக்குறையச் சரிபாதியாகச் செய்ய வேண்டிய வேலையில் ஒன்றின் பங்கு 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினாலோ, அடுத்தடுத்த சோதனைகளில் 10 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தாலோ அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைப்பது வழக்கம். உங்கள் மகனுக்கு இரண்டுமே நேர்ந்திருக்கின்றன. இழந்த திறன் முழுவதும் திரும்பும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. ஆகவே இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் மாமியாரின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் இத்தகைய அடைப்பு கரைந்து போவதற்குக் கல் அன்று. சிறுநீரகத்திலிருந்து சிறுநீரை இறக்கும் குழாய் புறப்படும் இடம் பிறவியிலேயே குறுகியிருக்கிறது. சிறுநீரைப் பெருக்கும் கஷாயம், வெளியேற வழியின்றித் தேங்கும் நீரை மேலும் கூட்டிப் பிள்ளைக்கு வலியைத்தான் தரும்.

கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: குறுகிய பகுதியை வெட்டி நீக்கி, குழாயை அகலமாக மீண்டும் தைத்து இணைக்கும் முறையை ஆண்டர்சன், ஹைன்ஸ் ஆகிய இரு மருத்துவர்களும் 1949இல் விவரித்தார்கள். அதே வேலையைத்தான் துளைவழி முறையிலும், 3 அல்லது 5 மில்லிமீட்டர் பருமனுள்ள கருவிகளாலும் ஒரு சிறு கேமராவின் துணையாலும் செய்கிறார்கள். குழந்தைகளுக்கு இவ்வாறு செய்தது பற்றி 1995இலேயே மருத்துவ இதழில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு முறைகளிலுமே வெற்றி 90 விழுக்காட்டுக்கு மேல். துளைவழி முறையில் அறுவை அறையில் நேரம் சற்றுக் கூடுதலாகலாம்; ஆனால் வலியும் தழும்பும் குறைவு, வீட்டுக்கும் விரைவில் திரும்பலாம். கைக்குழந்தையாக இருந்தால், விலாவில் சிறிதாகக் கீறிச் செய்வதும் அதே அளவு நல்லதுதான்.

உங்கள் இருவரிடமும் நான் வற்புறுத்திக் கேட்டுக்கொள்வது வேறொன்று. தையல் ஆறும்வரை சிறுநீர் தடையின்றி இறங்குவதற்காக, பெரும்பாலும் உள்ளே ஸ்டென்ட் எனும் மெல்லிய குழாயை வைப்பார்கள்; நான்கு முதல் ஆறு வாரங்களில் அதை எடுத்தாக வேண்டும். பிள்ளை ஓடியாடி விளையாடுவதைப் பார்த்து, வேலைக்கு விடுப்பு எடுத்து ஈப்போ வரை போவானேன் என்று சில குடும்பங்கள் அந்த நாளைத் தவறவிட்டுவிடுகின்றன. எடுக்காமல் விட்ட ஸ்டென்டில் உப்பு படிந்து, அதுவே புதிய அடைப்பாகவும் கிருமித் தொற்றாகவும் முடியும். இடையில் காய்ச்சலோ விலா வலியோ வந்தால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வீடு திரும்பும் நாளன்றே ஸ்டென்ட் எடுக்கும் தேதியையும், அதன்பின் எடுக்க வேண்டிய ஸ்கேன் தேதியையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.