சமுதாய வானொலி என்றால் என்ன? அது ஏன் பொதுவாகப் பத்து, பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் கேட்பதில்லை?

சுருக்கமாகச் சொன்னால், ஒரு வட்டாரத்து மக்களுக்காக, அவர்களையே பேசவைத்து, லாப நோக்கில்லாமல் நடத்தும் சின்ன எஃப்எம் நிலையம். பெரிய நிலையத்தை ஊர்ப் பொதுக்கூட்டம் என்று வைத்துக்கொண்டால், இது டீக்கடை பெஞ்சு. பேச்சு அக்கம்பக்கத்துக்குத்தான் கேட்கும், ஆனால் பேசுவது நமக்குத் தெரிந்த ஆள்.

தூரம் குறைவதற்குக் காரணம், இந்தியாவில் இதற்குப் பொதுவாக 100 வாட் அளவு சக்திதான் அனுமதி, ஆன்டெனா உயரத்துக்கும் வரம்பு உண்டு, அதோடு எஃப்எம் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவதால் மேடும் கட்டடமும் மறித்துவிடும். இதைக் குறை என்று நான் நினைக்கவில்லை. கேட்பவர்கள் பக்கத்திலேயே இருப்பதால்தான் பாம்பனில் இயங்கும் கடல் ஓசை 90.4, மீனவர்களுக்குக் கடல் நிலவரத்தை அவர்கள் பேச்சிலேயே சொல்ல முடிகிறது. நெட் இல்லாவிட்டாலும் சின்ன ரேடியோ போதும். நாட்டின் முதல் சமுதாய வானொலியும் நம் தமிழ்நாட்டில்தான், 2004-ல் வந்த அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம்.

அப்புறம், டிரான்ஸ்மிட்டர் வாங்கினால் யாரும் தொடங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, தனிநபருக்கு உரிமம் கிடையாது. கல்வி நிறுவனம், தொண்டு நிறுவனம் போன்ற அமைப்புகள்தான் விண்ணப்பிக்க முடியும்.