சரக்கு எப்படி? கேளுங்கள், சொல்கிறேன்

(நவி மும்பை வாஷி தானியச் சந்தையில் ஒரு தரகுக் கடையில் முப்பத்தோரு வருஷம் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி.)

என் தங்கை மாப்பிள்ளை கனடாவில், சஸ்காட்சுவானில் ஒரு பண்ணையில் வேலை பார்க்கிறார். கனோலா அமோக விளைச்சல் என்று அரசாங்கம் எண் போட்டதும் விலை விழுந்துவிட்டதாம். "வந்து என் வயலைப் பாருடா, காயே பிடிக்கவில்லை" என்று முதலாளி குதிக்கிறாராம். செயற்கைக்கோளையெல்லாம் வைத்துக்கொண்டு இவ்வளவு தப்பாகவா சொல்வார்கள்?
— செம்பூர் வாசகர்

தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. கனோலா என்பது நம் கடுகுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ரேப்சீட் என்ற எண்ணெய் வித்தில் எருசிக் என்ற கொழுப்பு அமிலத்தைக் குறைத்து, 1970களில் கனடாக்காரர்கள் உருவாக்கிய ரகம். பெயரிலேயே கனடா இருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். அங்கே புள்ளிவிவரத் துறை ஆகஸ்ட் கடைசியில் முதல் எண்ணை விடுகிறது. அது ஜூலை முடிய எடுத்த செயற்கைக்கோள் படம், மழை, வெயில், பழைய வருஷங்களின் விளைச்சல் எல்லாவற்றையும் கலந்து கணினி போடும் கணக்கு. விண்ணிலிருந்து பார்ப்பது முக்கியமாகப் பயிரின் பச்சையை. கனோலாவோ ஜூலையில் வயல் முழுக்க மஞ்சளாகப் பூத்து நிற்கும் பயிர். பூக்கிற நேரத்தில் நாலு நாள் கடும் வெயில் அடித்தால் பூ கருகிக் கொட்டிவிடும். மேலிருந்து பார்த்தால் செடி செழிப்பாகத்தான் தெரியும். காயைப் பிரித்தால்தான் உள்ளே மணி இருக்கிறதா, வெறும் தோலா என்று தெரியும். ஆகஸ்டில் யார் காயைப் பிரித்தார்கள்?

டிசம்பரில் வருவது வேறு வகை எண். விவசாயிகளிடமே கேட்டு எழுதுவது. அப்போதாவது சரியாக இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? 2021-ல் பெரிய வறட்சி. அந்த டிசம்பரில் 1.26 கோடி டன் என்றார்கள். பிறகு திருத்தித் திருத்தி 1.4 கோடி டன் பக்கம் கொண்டுபோனார்கள். ஏற்றுமதி, ஆலையில் ஆட்டியது, கையிருப்பு எல்லாவற்றையும் கூட்டினால் விளைந்ததாகச் சொன்னதைவிட அதிகம் வந்தது. விளையாத சரக்கை யாரும் கப்பலில் ஏற்ற முடியாதே!

உங்கள் மாப்பிள்ளையின் முதலாளிக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த டிசம்பர் எண் குறைவாக வருவதில் விவசாயிக்கும் பங்கு உண்டு என்பது என் சந்தேகம். நிறைய விளைந்தது என்று சொன்னால் விலை இறங்கும் என்ற பயம் உலகம் முழுக்க ஒன்றுதான். எங்கள் கடைக்கு வந்த எந்த விவசாயியும் "இந்த வருஷம் நல்லா விளைஞ்சிருக்கு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் ஆகஸ்ட் எண் தப்பினால் அடி விழுவது அவர் தலையில் மட்டும்தான். அறுப்புச் சமயம் கடன் கட்ட வேண்டும், களஞ்சியத்தில் இடம் வேண்டும், விற்றே ஆக வேண்டும். மூன்று மாதம் கழித்து எண்ணைத் திருத்தினால் அவருக்கு யார் வித்தியாசத்தைக் கொடுப்பார்கள்? அந்தக் கோபம் நியாயம்தான்.

ரயில் வாடகையும் கழுத்தை அறுக்கிறது என்கிறார் அவர். வாடகையைச் சரக்கு வாங்குகிறவன்தானே தர வேண்டும்?
— அதே வாசகர்

சட்டப்படி யார் கட்டினாலும் கடைசியில் விளைவித்தவன்தான் கட்டுகிறான். சஸ்காட்சுவான் நடுநாட்டில் இருக்கிறது. சரக்கு வான்கூவர் துறைமுகம் போக ராக்கி மலையைத் தாண்டி ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். இருப்பது இரண்டே பெரிய ரயில் கம்பெனிகள். கோதுமை விற்றால் சீட்டில் வாடகையைத் தனி வரியாகவே கழிப்பார்கள், வயிறு எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியும். கனோலாவில் தெரியாது. வாயதா விலைக்கும் (பின்னால் தரப்போகிற சரக்குக்குச் சந்தையில் இன்றே பேசுகிற விலை) உள்ளூர்க் களஞ்சியத்தில் தருகிற விலைக்கும் இடையே ஒரு வித்தியாசம் இருக்கும், பேசிஸ் என்பார்கள். வாடகை, கூலி, கப்பல் காத்திருந்த தண்டம் எல்லாம் அதற்குள்தான் ஒளிந்துகொள்ளும்.

இது நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட சண்டை. 1897-ல் ராக்கி மலையிலுள்ள குரோஸ் நெஸ்ட் கணவாய் வழியாக ரயில் பாதை போட அரசு பணம் கொடுத்தது. பதிலுக்குத் தானிய வாடகையைக் குறைத்துக்கொள்ள ரயில் கம்பெனி ஒப்புக்கொண்டது. அந்தச் சலுகையின் மிச்சமும் 1995-ல் போய்விட்டது. 2000-லிருந்து வேறு ஏற்பாடு: தானியத்தில் ரயில் கம்பெனி வருஷத்துக்கு இவ்வளவுதான் சம்பாதிக்கலாம் என்று மொத்த வருமானத்துக்கு உச்சவரம்பு. ஒவ்வொரு நடைக்கும் அல்ல, மொத்தத்துக்கு. விவசாயியின் சீட்டில் அது எப்படித் தெரியும்?

நன்றாக விளைந்தாலும் தொல்லைதான். 2013-ல் வரலாறு காணாத அறுவடை. ரயில் பெட்டி கிடைக்காமல் குளிர்காலம் முழுக்கச் சரக்கு தேங்கிவிட்டது. 2014 மார்ச்சில் அரசாங்கமே தலையிட்டு, வாரத்துக்கு ஆளுக்கு 5 லட்சம் டன் ஏற்ற வேண்டும் என்று இரண்டு கம்பெனிகளுக்கும் உத்தரவு போட்டது.

மாப்பிள்ளையிடம் அடுத்த முறை பேசும்போது விலை என்ன என்று கேட்காதீர்கள், பேசிஸ் எவ்வளவு என்று கேளுங்கள். வாயதா ஏறியும் கையில் காசு ஏறவில்லை என்றால் காரணம் அங்கேதான் இருக்கும்.

நம் நாட்டுக் கணக்கு மட்டும் ஒழுங்கா?
— டோம்பிவிலி வாசகி

நல்லா கேட்டீங்க அம்மா. கடுகையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசாங்கம் ஒரு எண் சொல்லும், எண்ணெய் ஆலைக்காரர்கள் சங்கம் தனியாக வயல் பார்த்து இன்னொரு எண் சொல்லும். 2023-24 பயிருக்கு இரண்டுக்கும் பத்து லட்சம் டன்னுக்கு மேல் வித்தியாசம்.

ஒரு மார்ச் மாதம், குஜராத்தில் பாலன்பூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி நாலு பேர் கடுகைச் சேர்த்து லாரியில் கொண்டுவந்தார். அன்று காலைதான் அமோக விளைச்சல் என்று ஒரு எண் வந்து சந்தை படுத்திருந்தது. எங்கள் ஆள் குத்தூசியைச் சாக்கில் குத்தி உள்ளங்கையில் மணியைக் கொட்டினார், பழுதில்லாத சரக்கு. விலை மட்டும் நேற்றைய விலை இல்லை. நான் பில்டியை, அதாவது லாரி ரசீதைப் பார்த்து லாரி வாடகை, ஹமாலி (சுமைகூலி), தோலாய் (எடைகூலி), தரகு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன். விலை இறங்கினால் வாடகையும் இறங்குமா என்ன? மீதியை எண்ணிக் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. "சேட், அந்த எண்ணை எந்த வயலில் அறுத்தார்கள்?" என்று இந்தியில் கேட்டார். என்னைப் போய் சேட் என்கிறார்! நான் மாதச் சம்பளக்காரன். தீபாவளிக்குள் கடுகு விலை ஏறிவிட்டது. எங்கள் முதலாளியும் அந்த எண்ணை நம்பிச் சரக்கை மார்ச்சிலேயே தள்ளிவிட்டிருந்தார், ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கனோலா ஏறினால் எங்கள் வீட்டு எண்ணெய் விலை ஏறுமா?
— சயான் வாசகி

நேரடியாக இல்லை. நம் வாணலியில் கொதிப்பது பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியாவின் பாமாயில், தென் அமெரிக்க சோயா, கருங்கடல் பக்கத்து சூரியகாந்தி. ஆனால் எண்ணெய் எல்லாம் ஒரே குடும்பம், ஒருத்தருக்கு ஜுரம் வந்தால் மற்றவர்களும் தும்முவார்கள்.

வாஷியில் வேலை பார்த்ததற்கு அடையாளமாக ஏதாவது வைத்திருக்கிறீர்களா?
— தாராவி வாசகர்

ஒரு குத்தூசி இருக்கிறது. தேங்காய்க் கண்ணைக் குத்தி இளநீர் எடுக்க மருமகள் அதைத்தான் தேடுகிறாள்.